சாக்குக்குள் போன உளிப்பிடி

எனக்கு நாக்கில் சனி. சின்ன வயதில் அம்மா இதைச் சொன்னபோதெல்லாம் சிரித்துக்கொண்டு ஓடிவிடுவேன். இப்போது ஐம்பத்திரண்டு வயதில், கரமனையில் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில், நானே எனக்கு அதைச் சொல்லிக்கொள்கிறேன். சிரிப்புதான் வருவதில்லை.

இன்றைக்கு எனக்கு இருப்பது ஒரே ஆசை. என் தங்கை புருஷன் பழையபடி என்னை நாலு பேர் முன்னால் கேலி செய்ய வேண்டும். என் மானத்தை வாங்க வேண்டும். மூன்று வருஷமாக அவர் அதைச் செய்யவில்லை. அவருடைய இடது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கிறது, நடுவிரல் மடங்காது. அடித்தது நான். வேலை செய்யும்போது நடந்ததுதான், வேண்டுமென்று நடந்ததில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். வேண்டுமென்று அடிக்கவில்லை, சரி. ஆனால் அந்தக் கை அங்கே இருந்ததற்குக் காரணம் நான்தான். அதைத்தான் எழுதப் போகிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். திருவனந்தபுரத்துக்கு நான் முதலில் வந்தேன், தங்கைக்குக் கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளையையும் கூட்டி வந்துவிட்டேன். எங்கள் வேலை உடைப்பு. பழைய சுவர், தளம், படிக்கட்டு, அஸ்திவாரக் கல், எதுவானாலும் பக்கத்தில் இருப்பது அசையாமல் வேண்டியதை மட்டும் உடைத்து எடுப்போம். அவர் உளி பிடிப்பார், நான் சம்மட்டி அடிப்பேன். சம்மட்டிக்கு இந்த ஊரில் கூடம் என்று பெயர். பதினைந்து வருஷம் அப்படியே ஓடியது. நான் வேறு ஆளோடும் போவேன், அவரும் வேறு ஆளோடு போவார். ஆனால் கல் கடினம் என்றால் மேஸ்திரி எங்கள் இரண்டு பேரையும்தான் சேர்த்துக் கூப்பிடுவார்.

கேலி எங்களுக்குள் முதல் நாளிலேயே ஆரம்பித்துவிட்டது. கல்யாணப் பந்தியில் நான் உட்கார்ந்ததும் மாப்பிள்ளை, கழுத்தில் மாலையோடு, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "எங்க மச்சானுக்கு ரெண்டு இலை போடும்வே, ஒண்ணு அவரு மீசைக்கு" என்றார். பந்தியே சிரித்தது. நானும் விடவில்லை. தாலி கட்டும்போது அவர் கை வெடவெடவென்று நடுங்கியதை நான் பார்த்திருந்தேன். முதல் முடிச்சுக்கே திணறி, மீதியை அவருடைய அக்காதான் போட்டார். நாத்தனார் போடுகிற முடிச்சுதான் அது, வழக்கம்தான். ஆனாலும் நான் அதைப் பிடித்துக்கொண்டேன். "தாலி கட்டையில கை நடுங்குன ஆளு" என்பது அவருக்கு நான் வைத்த பட்டம். எங்கள் பக்கத்தில் மச்சான் செய்கிற கேலிக்கு முகம் சுளிக்கக் கூடாது. சுளித்தால் சம்பந்தத்தையே மதிக்காதவன் என்று ஆகிவிடும். திருப்பிக் கேலி செய்யலாம், இல்லையென்றால் சிரித்துக்கொண்டு அடங்கிப் போகலாம். மூன்றாவது வழி கிடையாது.

வேலையில் மாப்பிள்ளை எனக்கு நேர் எதிர். நிதானம் என்றால் அப்படி ஒரு நிதானம். அடி வாங்கி வாங்கி உளியின் தலை காளான் மாதிரி விரிந்துவிடும். அந்த விளிம்பில் அடி பட்டால் சில்லு தெறிக்கும், இல்லையென்றால் கூடம் வழுக்கும். சனிக்கிழமை தவறாமல் உளிகளை எடுத்துக்கொண்டு போய் கிரைண்டரில் தலையைத் தேய்த்துச் சமமாக்கிக் கொண்டு வருவார். என் கூடத்தின் காம்பை ஆட்டிப் பார்த்து, ஆப்பு தளர்ந்திருந்தால் இறுக்காமல் என்னைத் தொட விடமாட்டார். "ஒம்ம கை மேல எனக்கு நம்பிக்கை இருக்கு வே, இந்தக் கட்டை மேலதான் இல்ல" என்பார்.

ஒரு நாள் வேலைக்கு வரும்போது கையில் புதிதாக ஒன்றைக் கொண்டு வந்தார். கிள்ளிப்பாலத்தில் ஒரு வெல்டிங் கடையில் சொல்லிச் செய்தது. கம்பியை வளைத்து ஒரு வளையம், உள்ளே டயர் ரப்பர், அதிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் நீளமான கைப்பிடி. வளையத்தில் உளியைச் செருகிவிட்டுத் தள்ளி உட்கார்ந்து பிடித்துக்கொள்ளலாம். கூடம் தவறினாலும் அடி கம்பியில்தான் விழும், கை தூரத்தில் இருக்கும். அதிர்வும் அவ்வளவு ஏறாது. மனுஷன் தானே யோசித்து, கைக்காசு போட்டுச் செய்திருந்தார். ஏதாவது சொல்ல மாட்டேனா என்று என் முகத்தைப் பார்த்தார்.

நான் சொன்னேன். சும்மா இருக்கிற வாயா இது? "என்ன மாப்ள, அடுப்புல சட்டி எறக்கப் போறீரா? என் தங்கச்சி கையில குடுக்க வேண்டிய இடுக்கிய இங்க கொண்டு வந்திருக்கீரே" என்றேன். அப்போதும் நிறுத்தவில்லை. அங்கே இருந்த ஐந்தாறு பேர் பக்கமும் திரும்பி, "தாலி கட்டையிலயே கை நடுங்குன ஆளுய்யா. உளியைக் கையில பிடிப்பாரா?" என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தன் கண்ணைத் துடைத்தான். மாப்பிள்ளையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே உளியை வளையத்திலிருந்து உருவி எடுத்து, பிடியைச் சாமான் சாக்கில் போட்டுவிட்டு, வெறுங்கையால் உளியைப் பிடித்துக்கொண்டு, "அடியும்வே" என்றார். நான் அடித்தேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு ருசியாக இருந்தது, இன்னும் ஞாபகம் இருக்கிறது. வாய்க் கொழுப்பு என்பது அதுதான்.

அதன்பிறகு அந்தப் பிடியை அவர் கையில் நான் பார்க்கவில்லை. ஆனால் சாமான் சாக்கில் எப்போதும் கிடந்தது. எடுத்து வைத்தவர் ஏன் வீட்டில் போடவில்லை என்று எனக்கு ஒரு தரம்கூடத் தோன்றவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வலியசாலையில் அக்ரகாரத் தெருவில் ஒரு வீட்டில் வேலை. பின்கட்டில் புதிதாகக் குளியலறை கட்ட வேண்டும், அதற்குக் கழிவுக் குழாய் போக அடிக்கல்லில் வழி எடுக்க வேண்டும். அந்தத் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை, இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். பிரேக்கர் மெஷினை வைத்தால் அடுத்த வீட்டு மாமியின் சாமி படம் கீழே விழும், சுவரும் வெடிக்கும். அதனால் கையால்தான் வேலை. அடியில் இருந்தது கருங்கல். இரண்டு நாளில் ஒன்றரை அடிதான் போக முடிந்தது. எங்களோடு இடிபாடு அள்ளுவதற்குத் தென்காசிக்காரர் ஒருவர் இருந்தார்.

மூன்றாவது நாள் பதினோரு மணி வாக்கில் வீட்டுக்கார மாமி மோர் கொண்டு வந்து வைத்தார். நாங்கள் குடிக்கும்வரை நின்றவர் வாய் திறந்து கிடந்த சாக்கைப் பார்த்துவிட்டார்.

"அது உளி பிடிக்கற பிடிதானே? எங்காத்துக்காரர் ரயில்வேல வேலை பாத்தப்போ கேங்மேன் கையில பாத்திருக்கேன். அதை ஏன் போட்டுக்காம வெறுங்கையால பிடிச்சுண்டிருக்கேள்?" என்று கேட்டார்.

கேள்வி மாப்பிள்ளைக்கு. அவர் வாயைத் திறந்தார். அதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அது நாங்க மாப்பிள்ளைக்குப் போட்ட சீரு மாமி. அழுக்காகாமப் பத்திரமா வச்சிருக்காரு" என்றேன்.

மாமி சிரிக்கவில்லை. "சீர் போட்டா உபயோகப்படுத்தத்தானே? எடுத்துக்கச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மாப்பிள்ளை ஒரு நிமிஷம் சாக்கைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். "என்ன, எடுக்கப் போறீரா?" என்று அதற்கு அர்த்தம். அவர் உட்கார்ந்து, உளியைக் கையால் பிடித்தார்.

அந்தப் புருவத்தை உயர்த்தாமல் இருந்திருக்கலாம். இதை எத்தனை தரம் நினைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. வேலைக்கு நடுவில் கடவுளே அனுப்பின மாதிரி ஒரு பொம்பளை வந்து எடுத்து மாட்டச் சொல்கிறாள், நான் புருவத்தைத் தூக்குகிறேன். செருப்பால் அடிக்க வேண்டாமா என்னை?

பத்து அடி ஒழுங்காக விழுந்திருக்கும். மாமியை நான் மடக்கிய விதத்தைத் தென்காசிக்காரரிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே கூடத்தைத் தூக்கினேன். அடிக்கிறவன் கண் உளியின் தலையை விட்டு நகரக் கூடாது, பேசக் கூடாது. இது இந்த வேலையில் முதல் பாடம், நானே எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். கண் ஒரு இமைப்பொழுது தென்காசிக்காரர் பக்கம் போனது. அதே நேரம் முந்தைய அடியில் விரிசல் விட்டிருந்த கல் கீழே கொஞ்சம் நழுவி உளி சாய்ந்தது. கூடம் உளித் தலையின் ஓரத்தில் பட்டு வழுக்கி, மாப்பிள்ளையின் இடது கையோடு கல்லில் போய் இறங்கியது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. கல்லில் விழுகிற அடிக்கு ஒரு கணீர் உண்டு, அது வரவில்லை.

மாப்பிள்ளை கத்தவில்லை. வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்னால் சாய்ந்தார். நான் கூடத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்தேன். "விடும்வே, ஒண்ணுமில்ல" என்றார். உதடு வெளுத்துவிட்டது. அவர் என்னை உரிமையோடு "வே" என்று கூப்பிட்டது அதுதான் கடைசி.

ஆட்டோவில் என் துண்டை அவர் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர் ஒருவர், "எந்து பற்றி?" என்று கேட்டார். என்ன ஆச்சு என்கிறார். மாப்பிள்ளை பதில் சொல்வதற்கு முன்னால் அங்கேயும் நான் முந்திக்கொண்டேன். "கல்லு வீணதா டாக்டரே" என்றேன். கல் விழுந்துவிட்டதாம். பதினைந்து வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் கற்ற மலையாளம் ஒரு பொய்க்குப் பயன்பட்டது. பயம்தான் காரணமா, வெட்கமா, எனக்கே தெரியவில்லை. மாப்பிள்ளை என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை ஆள்காட்டி விரலில் இரண்டு கணுவை எடுத்துவிட்டார்கள். நடுவிரலுக்குக் கம்பி வைத்தார்கள். தங்கை வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தப் பிடி எங்கண்ணே? நேத்தும் அதப் போடலியா?" என்றாள்.

"அவரு அத எப்பவுமே போடுறதில்லயே" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "யாரு சொன்னா? மத்த எடத்துக்குப் போனா அத மாட்டாம உளியத் தொட மாட்டாரு. அங்கயும்தான் சிரிப்பாங்க. 'சிரிச்சா பல்லுதான் தெரியும், போங்கல'ன்னு சொல்லிட்டு வேலையப் பாப்பாரு. ஒன் கூட வர்ற அன்னைக்கு மட்டுந்தான் சாக்குக்குள்ள இருக்கும். 'ஒங்க அண்ணன் இருக்கையில மாட்ட முடியுமா, மானத்த வாங்கிருவாரு'ன்னு சொல்லிச் சிரிப்பாரு. நானும் சேந்து சிரிச்சேண்ணே" என்றாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

ஊரே சிரித்தாலும் கழற்றாத மனுஷன், நான் சிரித்தேன் என்பதற்காகக் கழற்றி வைத்திருக்கிறார். நான் அவருக்கு மச்சான். என் கேலிக்கு முகம் சுளிக்கக் கூடாது. அந்த மரியாதையை அவர் கடைசிவரை காப்பாற்றினார். நான்தான் அவர் கையைக் காப்பாற்றவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, ஆட்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதேன்.

மாப்பிள்ளை வீட்டுக்கு வந்ததும் அவரைப் பார்க்க வந்தவர்களெல்லாம் பழமொழியோடு வந்தார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்றார் ஒருவர். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்றார் இன்னொருவர். எது தலைப்பாகை? விரலா? அவரை வாசல்வரை கூட்டிக்கொண்டு போய், இனிமேல் இந்தப் பக்கம் வராதீர் என்று சொல்லிவிட்டேன். பெண்டாட்டி என்னைத் திட்டினாள். எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். எரிந்து விழ வேண்டிய ஒரே ஆள் நான்தானே, அவனை என்ன செய்ய?

உளியை இறுக்கிப் பிடிக்க அந்தக் கையால் இனி ஆகாது. மாப்பிள்ளை இப்போது தம்பானூரில் ஒரு லாட்ஜில் பகல் நேர வேலை பார்க்கிறார். வருகிறவர்களுக்கு அறையைக் காட்டுவது, சாவி கொடுப்பது, வாங்குவது. உட்கார்ந்து பார்க்கிற வேலை, அதிர்ஷ்டம்தான் என்று சிலர் சொல்கிறார்கள். கருங்கல்லில் ரேகை பார்த்து எங்கே அடித்தால் எங்கே விடும் என்று சொல்கிற ஆள் அவர். இப்போது சாவியை எடுத்து ஆணியில் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

வாரத்துக்கு ஒரு தரமாவது போகிறேன். போனால் எழுந்து நிற்பார். "வாங்க மச்சான், உக்காருங்க. டீ சொல்லட்டுமா?" என்பார். தங்கை பிள்ளைகளைப் பற்றிச் சொல்வார், என் பெண்டாட்டியின் முட்டிவலியைப் பற்றி விசாரிப்பார். ஒரு குறை கிடையாது. கோபம் இருக்கிற மாதிரியும் தெரியாது. அதுதான் தாங்க முடியவில்லை. என்னைச் சண்டைக்காவது இழுக்கக் கூடாதா? "வாரும்வே, மீசைய வெளிய விட்டுட்டு உள்ள வாரும்" என்று பழைய மாதிரி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்றைக்கே நான் கொஞ்சம் மன்னிக்கப்பட்டவன் ஆகிவிடுவேன்.

நாகர்கோவிலில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் ஒன்றில் வேண்டுமென்றே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பரிமாற வந்தவரிடம் சத்தமாக, "எனக்கு ரெண்டு இலை போடுங்கப்பா" என்றேன். பந்தியில் நாலைந்து பேருக்கு அந்தப் பழைய கதை தெரியும். எல்லோரும் மாப்பிள்ளை வாயைப் பார்த்தார்கள். அவர் பரிமாறுகிறவரிடம், "மச்சானுக்கு என்ன வேணும்னு கேட்டுப் போடுங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். எனக்கு முன்னால் இரண்டாவது இலை விரிந்து கிடந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் மடித்து வைத்தேன்.

நேரடியாகவும் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு நாள் லாட்ஜ் வாசலில் வைத்து, "தப்பு முழுக்க என் மேலதான் மாப்ள. டாக்டர்ட்ட பொய் சொன்னேன், அதுவும் தப்பு" என்றேன். "விடுங்க மச்சான், நடந்தது நடந்து போச்சு" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

கூடம் தூக்குவதை அன்றோடு விட்டுவிட்டேன். இப்போது நான் உளி பிடிக்கிறேன், வேறு ஆட்கள் அடிக்கிறார்கள். அதே வெல்டிங் கடையில் சொல்லி அதே மாதிரி ஒரு பிடி செய்து வாங்கினேன். உளித் தலையைச் சனிக்கிழமை நானே தேய்க்கிறேன். அடிக்கிறவன் வாய் பேசினால் உளியை எடுத்துவிட்டு எழுந்துவிடுவேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம், தெரியும். ஆனாலும் செய்கிறேன்.

போன மாதம் கரமனை ஆற்றோரம் ஒரு வேலை. அடிக்க வந்தவர் உள்ளூர் மலையாளி, நல்ல உடல்கட்டு. நான் பிடியில் உளியைச் செருகித் தள்ளி உட்கார்ந்ததைப் பார்த்து, "எந்தா அண்ணாச்சி, பேடியா?" என்று சிரித்தார். பயமா என்கிறார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். அதில் ஒருவன் நான் உட்கார்ந்த மாதிரியே தள்ளி உட்கார்ந்து நடித்துக் காட்டினான். "பயம்தான் சேட்டா, நீங்க அடிங்க" என்றேன். அன்றைக்கு முழுக்க அவர்கள் விடவில்லை. நானும் பிடியைக் கழற்றவில்லை.

வேலை முடிந்து கையைக் கழுவியதும் நேரே தம்பானூருக்குப் பஸ் ஏறினேன். இதை மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. என்னை ஒரு கூட்டமே கேலி செய்தது என்று கேட்டால் அவருக்குச் சிரிப்பு வரும், சிரித்தால் வாயில் ஒரு வார்த்தை வரும் என்று கணக்குப் போட்டேன். லாட்ஜில் ஆள் கூட்டம் இல்லை. அவர் எழுந்து, உட்காரச் சொல்லி, டீ சொன்னார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் கேட்டது, நடித்துக் காட்டியது, ஒன்றையும் விடவில்லை. என்னை நானே கொஞ்சம் அதிகமாகவே கேவலப்படுத்திச் சொன்னேன்.

அவர் கவனமாகக் கேட்டார். "ரொம்பச் சிரிச்சாங்களா?" என்றார்.

"ரொம்ப. ஆனா நான் கழத்தலயே மாப்ள. கடைசிவரைக்கும் கழத்தல" என்றேன். குரலில் எனக்கே தெரியாமல் ஒரு பெருமை வந்துவிட்டது.

மாப்பிள்ளை டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தார். என் முகத்தை நேராகப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் சுவர்ப்பக்கம் திரும்பிய பிறகு அவர் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

"நீங்க ஏன் கழத்தப் போறீங்க மச்சான்?" என்றார். "சிரிச்சவங்கள்ல உங்களுக்கு மச்சான் மொறை யாரும் இல்லல்லா?"

"இல்ல" என்றேன்.